ஆறு ஆட்டங்களின் கணக்கு: ஜோ கில்லியமும் 1974ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க் அணியும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க விளையாட்டு உலகில் ஒரே விவாதம் திரும்பத் திரும்ப எழுகிறது. என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கின் பருவம் செப்டம்பரில் தொடங்கும். அதற்கு முன் நடக்கும் முன்பருவ ஆட்டங்களில், இரண்டாம் நிலையிலோ மூன்றாம் நிலையிலோ உள்ள ஒரு குவார்ட்டர்பேக் யாரும் எதிர்பாராத வகையில் சிறப்பாக ஆடிவிடுவார். முதன்மை ஆட்டக்காரரின் இடத்தை அவருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்ற கேள்வி உடனே பிறக்கும். கண்முன் தெரியும் திறமையை மறுப்பது அநீதி என்பர் ஒரு சாரார். பயிற்சிக்கு ஒப்பான ஆட்டத்தில் பெற்ற வெற்றியை நம்பி அணியை ஒப்படைப்பது அறியாமை என்பர் மறு சாரார்.

இவ்விவாதம் பெரும்பாலும் ஒரு மனிதரின் கைத்திறன் பற்றியதாகவே நடத்தப்படுகிறது. ஆனால் வாய்ப்பு என்பது எதனால் ஆனது, அதை வழங்குவோர் எந்த அளவுகோலைக் கையாளுகின்றனர் என்ற கேள்விகளும் அதற்குள் அடங்கியுள்ளன. அவற்றை ஆராய 1974ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியைவிடப் பொருத்தமான சான்று அரிது. அவ்வாண்டு முன்பருவ ஆட்டங்களின் வலிமையால் முதன்மை இடத்தைப் பெற்றவர் ஜோ கில்லியம். அவர் அவ்விடத்தில் இருந்தது ஆறு ஆட்டங்கள் மட்டுமே.

முன்பருவம் எதைக் காட்டும்?

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு தாக்குதல் நகர்வும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்தே தொடங்குகிறது. பந்தை ஏந்தி ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் இருப்பவருக்கு வீசுவதா, வீசினால் யாருக்கு என்பதை அவர் சில நொடிகளுக்குள் முடிவு செய்ய வேண்டும். 1970களில் பல அணிகளில் அடுத்த நகர்வு எது என்பதைக் களத்தில் அறிவிக்கும் பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது. எனவே கைவலிமையோடு அறிவும் தலைமைப் பண்பும் வேண்டும் இடமாக அது கருதப்பட்டது.

முன்பருவ ஆட்டங்கள் புள்ளிப்பட்டியலில் சேர்வதில்லை. கிரிக்கெட் பயிற்சி ஆட்டங்களை அறிந்தவர்களுக்கு அவற்றின் தன்மை எளிதில் விளங்கும். முன்னணி வீரர்கள் காயத்துக்கு அஞ்சிச் சிறிது நேரமே ஆடுவர். எதிரணியின் தற்காப்புப் பிரிவு தன் உண்மையான வியூகங்களை வெளிக்காட்டாது. ஆட்டத்தின் பிற்பகுதியில் மோதிக்கொள்வோரில் பலர் சில நாள்களில் அணியிலிருந்து நீக்கப்பட இருப்பவர்கள். ஆகவே அங்குப் பெறும் வெற்றி, முழு வலிமையோடு வரும் எதிரணிக்கு எதிராகவும் நிகழும் என்று கொள்ள இயலாது.

அண்மைக் கால வரலாற்றில் இரு தரப்புக்கும் சான்றுகள் உண்டு. 2018இல் பஃபலோ அணியின் நேதன் பீட்டர்மன் முன்பருவத்தில் மிக நேர்த்தியாக வீசி முதன்மை இடத்தைப் பெற்றார். பருவத்தின் முதல் ஆட்டத்தில் பால்டிமோர் அணிக்கு எதிராக அவருடைய 18 வீச்சுகளில் 5 மட்டுமே நிறைவேறின. இரண்டை எதிரணி இடைமறித்தது. பஃபலோ 47-3 என்ற கணக்கில் தோற்றது. மாறாக, 2012இல் சியாட்டில் அணி மேட் ஃபிளின் என்பவரைப் பெரும் ஊதியத்தில் ஒப்பந்தம் செய்திருந்தும், முன்பருவத்தில் சிறந்து விளங்கிய ரசல் வில்சன் என்ற புதியவரிடம் அணியை ஒப்படைத்தது. வீரர் தேர்வில் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட அவர், அடுத்த பருவத்திலேயே சூப்பர் பௌல் பட்டத்தை அவ்வணிக்கு வென்று கொடுத்தார். 2016இல் டல்லஸ் அணியின் டோனி ரோமோ முன்பருவ ஆட்டமொன்றில் காயமுற்றார். அவர் இடத்துக்கு வந்த நான்காம் சுற்றுத் தேர்வான டாக் பிரெஸ்காட், 13 வெற்றி 3 தோல்வி என்ற கணக்கில் பருவத்தை முடித்தார்.

இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்றே. முன்பருவ வெற்றி எதிர்காலத்தை அறிவிக்கும் கருவி அன்று. அதே வேளையில், வீரர் தேர்வில் எத்தனையாவது சுற்றில் எடுக்கப்பட்டார், எவ்வளவு ஊதியம் பெறுகிறார் என்பனவும் நம்பத்தக்க கருவிகள் அல்ல. உறுதியற்ற சான்றுகளுக்கிடையே முடிவெடுக்க நேரும்போது, முடிவெடுப்பவரின் முன்முடிவுகளே துலாக்கோலைச் சாய்க்கின்றன. 1974இல் அம்முன்முடிவுகளுக்கு நிறம் இருந்தது.

மூடப்பட்டிருந்த இடம்

1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்கெல்வோக் ஆகிய சமூகவியலாளர்கள் அமெரிக்க விளையாட்டில் இனப்பிரிவினை குறித்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அணிக்குள் கறுப்பின வீரர்கள் சேர்க்கப்பட்ட பின்னரும், ஆட்டத்தின் மைய இடங்களில் வெள்ளையர்களும் விளிம்பு இடங்களில் கறுப்பினத்தவரும் அமர்த்தப்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். நுழைவு மறுக்கப்படாத இடத்திலும் பிரிவினை தொடரும் என்பதே அவ்வாய்வின் சாரம். கால்பந்தில் மையங்களின் மையம் குவார்ட்டர்பேக்.

இப்போக்கு தனிமனித வாழ்வில் எவ்வாறு செயல்பட்டது என்பதற்கு இரு சான்றுகள் போதும். 1968இல் டென்வர் அணியில் புதியவராகச் சேர்ந்த மார்லின் பிரிஸ்கோ, முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றதால் களமிறங்கி 14 டச் டவுன் வீச்சுகளை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்குப் போட்டியிடவும் அவர் அனுமதிக்கப்படவில்லை. பஃபலோ அணிக்குச் சென்று பந்தைப் பெறுபவராக மாறிய பின்னரே அவரால் தொழிலில் நிலைக்க முடிந்தது. அதே 1968இல் ஓக்லண்ட் அணி, டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்ட்ரிஜ் டிக்கியை முதல் சுற்றிலேயே குவார்ட்டர்பேக்காகத் தேர்ந்தெடுத்தது. முதல் சுற்றில் அவ்விடத்துக்காக எடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் அவரும் பந்தைப் பெறுபவராக மாற்றப்பட்டார். அதே அணி இரண்டாம் சுற்றில் எடுத்த கென் ஸ்டேப்ளர் பின்னாளில் அதன் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் ஆனார்.

டிக்கி பயின்ற அதே கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவர் கில்லியம். அவருடைய தந்தை அங்குப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 1972ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் பிட்ஸ்பர்க் அவரை 11ஆம் சுற்றில் எடுத்தது. அவ்வணி கறுப்பினக் கல்லூரிகளின் திறமையைப் பிற அணிகளைவிட முன்னதாகக் கண்டுகொண்டதற்குப் பில் நன் என்பவரின் பங்கு பெரிது. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின இதழின் விளையாட்டு ஆசிரியராக இருந்து, பின்னர் அணியின் திறமை தேடுநராக மாறியவர் அவர்.

வேலைநிறுத்தமும் முன்பருவமும்

1974 ஜூலையில் என்.எஃப்.எல். வீரர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஓர் அணியிலிருந்து மற்றோர் அணிக்குச் செல்லும் உரிமையே முதன்மையான கோரிக்கை. மூத்த வீரர்கள் பயிற்சி முகாம்களைப் புறக்கணித்தனர். அந்நிலையில் முகாமுக்குச் சென்றவர்களுள் கில்லியமும் ஒருவர். ஆகஸ்டு நடுப்பகுதிக்குள் வேலைநிறுத்தம் முடிவுற்று மூத்தோர் திரும்பினர். அதற்குள் தன் கையின் வேகத்தையும் நெடுந்தொலைவு வீச்சின் துல்லியத்தையும் அவர் நிலைநாட்டிவிட்டார். முன்பருவ ஆட்டங்கள் ஆறிலும் பிட்ஸ்பர்க் வென்றது.

பயிற்சியாளர் சக் நோல் அதற்கு முன்பே குவார்ட்டர்பேக் இடம் யாருக்கும் உரியதன்று என அறிவித்திருந்தார். டெர்ரி பிராட்ஷா, டெர்ரி ஹான்ராட்டி, கில்லியம் ஆகிய மூவரும் போட்டியில் இருந்தனர். பிராட்ஷா 1970ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர். அவரை ஒதுக்கிவிட்டு 11ஆம் சுற்றில் எடுக்கப்பட்ட ஒருவரை முதன்மை ஆட்டக்காரராக நோல் அறிவித்தார். அந்நாளின் சூழலில் அது துணிவான முடிவு. 1970இல் இரு லீக்குகளும் இணைந்த பின்னர், ஒரு பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் கில்லியம்தான்.

செப்டம்பர் 15 அன்று பிட்ஸ்பர்க் 30-0 என்ற கணக்கில் பால்டிமோரை வீழ்த்தியது. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் கில்லியத்தின் படத்தை அட்டையில் வெளியிட்டது. அதன் தலைப்பு அவர் ஆடிய இடத்தோடு அவருடைய இனத்தையும் சேர்த்தே குறித்தது. பிராட்ஷாவின் படத்துக்கு அத்தகைய அடைமொழி தேவைப்பட்டிராது.

அடுத்த வாரம் டென்வரில் நடந்த ஆட்டம் 35-35 எனச் சமனில் முடிந்தது. வழக்கமான பருவ ஆட்டங்களில் கூடுதல் நேரம் அளிக்கும் விதி அவ்வாண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அவ்விதியின்படி நீட்டிக்கப்பட்ட முதல் ஆட்டம் அதுவே. கில்லியம் அன்று 50 முறை வீசினார். மூன்றாம் வாரம் சொந்த மைதானத்தில் ஓக்லண்டிடம் 17-0 எனத் தோல்வி. அதன்பின் ஹூஸ்டன், கேன்சஸ் சிட்டி, கிளீவ்லாந்து ஆகிய மூன்று அணிகளையும் பிட்ஸ்பர்க் அடுத்தடுத்து வென்றது. ஆறு ஆட்டங்களில் 4 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். அணி தன் பிரிவின் முன்னணியில் இருந்தது.

அந்நிலையில், அக்டோபர் 28 அன்று அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் பிராட்ஷா களமிறக்கப்பட்டார். கில்லியம் அதன்பின் பிட்ஸ்பர்க்கின் முதன்மைக் குவார்ட்டர்பேக்காக ஆகவே இல்லை.

எண்கள் சொல்வது

கில்லியம் நீக்கப்பட்டதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஓட்டத்தை நம்பி ஆட வேண்டும் என்பது நோலின் கொள்கை. கில்லியமோ அளவுக்கு மீறி வீசினார். ஆட்டத் திட்டங்களை மீறினார், அணியின் ஒழுங்கு விதிகளைப் பொருட்படுத்தவில்லை என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. தொடர்ச்சியான மூன்று வெற்றிகளிலும் அணியைத் தாங்கியது அதன் தற்காப்புப் பிரிவே என்பதும் மறுக்க இயலாதது. அப்பருவத்தில் அவர் நிகழ்த்திய டச் டவுன் வீச்சுகள் 4, இடைமறிக்கப்பட்டவை 8. இவற்றை மட்டும் பார்க்கும் எவரும் நோலின் முடிவைச் சரியென்றே கொள்வர்.

ஆயினும் இவ்வெண்களை அவருடைய போட்டியாளரின் எண்களோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். 1974 பருவத்தில் கில்லியத்தின் 212 வீச்சுகளில் 96 நிறைவேறின. பிராட்ஷாவின் 148 வீச்சுகளில் 67 நிறைவேறின. இருவருக்கும் விகிதம் 45.3 விழுக்காடு. பிராட்ஷா 7 டச் டவுன் வீச்சுகளை நிகழ்த்தினார். அவருடைய வீச்சுகளும் 8 முறை இடைமறிக்கப்பட்டன. அப்பருவத்தின் அளவில் இருவருக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறிது.

முந்தைய ஆண்டுகளின் கணக்கு இன்னும் தெளிவானது. 1970இல் பிராட்ஷாவின் முதல் பருவத்தில் டச் டவுன் வீச்சுகள் 6, இடைமறிப்புகள் 24. நிறைவேறிய வீச்சுகள் 38 விழுக்காடு. 1971இல் டச் டவுன் வீச்சுகள் 13, இடைமறிப்புகள் 22. இரு பருவங்களிலும் சேர்த்து 46 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்த ஒருவர், மூன்றாம் பருவத்திலும் நான்காம் பருவத்திலும் முதன்மை ஆட்டக்காரராகவே தொடர்ந்தார். அவருடைய பிழைகள் வளர்ச்சிக்கான விலை எனக் கொள்ளப்பட்டன.

1974இலேயே இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. நவம்பரில் சின்சினாட்டியிடம் தோற்றபின் பிராட்ஷாவும் நீக்கப்பட்டார். அடுத்த ஆட்டத்தில் ஹான்ராட்டி களமிறங்கினார். அவருடைய 15 வீச்சுகளில் 2 மட்டுமே நிறைவேறின. அதற்கடுத்த ஆட்டத்தில் இடம் மீண்டும் பிராட்ஷாவிடமே வந்தது. நீக்கப்பட்டும் திரும்பி வரும் வழி அவருக்குத் திறந்திருந்தது. கில்லியத்துக்கு அவ்வழி திறக்கவில்லை. தாம் கில்லியத்தைப் போட்டியில் வென்று அவ்விடத்தைப் பெறவில்லை என்று பிராட்ஷாவே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

எதிர்வாதங்கள்

இங்கு இரு எதிர்வாதங்களைப் புறந்தள்ள இயலாது. முதலாவது, விளைவு. பிராட்ஷாவின் தலைமையில் பிட்ஸ்பர்க் 1975 ஜனவரி 12 அன்று மினசோட்டாவை 16-6 என வீழ்த்தித் தன் முதல் சூப்பர் பௌல் பட்டத்தை வென்றது. அடுத்த ஐந்து பருவங்களில் மேலும் மூன்று பட்டங்கள் வந்தன. இத்தகைய விளைவைத் தந்த முடிவைக் குறைகூறுவது எங்ஙனம் என்ற வினா நியாயமானதே. எனினும் விளைவைக் கொண்டு முடிவை நியாயப்படுத்தும்போது, நிகழாமல் போனதை எடையிட வழியில்லை என்பதையும் ஏற்க வேண்டும். பிராட்ஷா தம் ஐந்தாம் பருவத்தில் அடைந்த முதிர்ச்சியைக் கில்லியம் தம் ஐந்தாம் பருவத்தில் அடைந்திருப்பாரா என்பதற்கு விடை இல்லை. அவருக்கு ஐந்தாம் பருவமே அமையவில்லை.

இரண்டாவது, நோலின் நிலை. கில்லியத்தை நீக்கியவர் நோல் என்பது உண்மை. பிற அணிகள் பல கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளை வேறு இடங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், முன்பருவச் சான்றை மதித்து அவரை அமர்த்தியவரும் நோலே. ஆகவே தனிமனித வெறுப்பாக இதை விளக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இனப்பாகுபாடு தனிமனிதரின் தீய எண்ணமாக மட்டுமே செயல்படுவதில்லை. எவருடைய பிழை பொறுக்கத்தக்கது, எவருடைய பிழை ஐயத்தை உறுதிசெய்வது என்ற சொல்லப்படாத வழக்கமாகவும் அது செயல்படும். கொலை மிரட்டல்கள் உட்பட வெறுப்புக் கடிதங்கள் தமக்கு வந்ததாகக் கில்லியம் பின்னாளில் தெரிவித்தார். அதே ஆறு வாரங்களில் வேறு எவரும் சுமக்காத சுமை அது.

அதே வாரத்தில் மற்றொருவர்

கில்லியம் இடமிழந்த அதே அக்டோபர் இறுதியில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் ஜான் ஹேடலை கிரீன் பே அணிக்கு மாற்றிக்கொடுத்தது. அவ்விடத்தைப் பெற்றவர் ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற கறுப்பினத்தவர். 1969இல் புதியவராகவே பஃபலோ அணியின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி, பின்னர் ஒதுக்கப்பட்டவர் அவர். ராம்ஸ் அணியை அவர் இறுதிச் சுற்றுகளுக்கு இட்டுச் சென்றார். வாஷிங்டனை 19-10 என வென்று, அச்சுற்றில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கி வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஆனார். அடுத்து மினசோட்டாவிடம் 14-10 எனத் தோற்றார். ஒதுக்கப்பட்ட ஒருவர், காலம் கொடுக்கப்பட்டபோது, சூப்பர் பௌல் ஆட்டத்துக்கு நான்கு புள்ளி தொலைவு வரை வந்தார்.

மாற்றம் அதன்பின்னும் மெதுவாகவே நிகழ்ந்தது. 1978இல் வாரன் மூனை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கனடாவுக்குச் சென்று எட்மண்டன் அணியுடன் ஐந்து கிரே கோப்பைகளை வென்ற பின்னரே, 1984இல் ஹூஸ்டன் அவரை அழைத்தது. 1987 பருவத்தைக் மாற்று ஆட்டக்காரராகத் தொடங்கிய வாஷிங்டனின் டக் வில்லியம்ஸ், 1988 ஜனவரி 31 அன்று சூப்பர் பௌல் ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச் டவுன் வீச்சுகளை நிகழ்த்தினார். டென்வர் 42-10 எனத் தோற்றது. சூப்பர் பௌல் ஆட்டத்தில் இரு அணிகளின் முதன்மைக் குவார்ட்டர்பேக்குகளும் கறுப்பினத்தவராக அமைந்தது முதன்முறையாக 2023 பிப்ரவரியில்.

கில்லியத்தின் வாழ்வு வேறு திசையில் சென்றது. 1975 பருவத்துக்குப் பின் அவர் என்.எஃப்.எல். ஆட்டம் எதிலும் ஆடவில்லை. போதைப் பழக்கம் அவரை வறுமைக்கும் தெருவோர வாழ்வுக்கும் தள்ளியது. சூப்பர் பௌல் மோதிரங்களை அடகு வைக்கும் நிலையும் வந்தது. பின்னர் மீண்டு, இளைஞர்களுக்கு வழிகாட்டும் பணியில் ஈடுபட்டார். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, 50 வயது நிறைவடைய நான்கு நாள்கள் இருக்கையில், காலமானார். இவ்வீழ்ச்சி முழுவதற்கும் 1974இன் முடிவே காரணம் என்பது மிகையாகும். அவ்வீழ்ச்சியைக் காட்டி 1974இன் முடிவைப் பின்னோக்கி நியாயப்படுத்துவதும் அதே அளவு பிழை.

கேள்விக்குத் திரும்ப

முன்பருவத்தில் சிறந்து விளங்கிய மாற்றுக் குவார்ட்டர்பேக்குக்குப் பெரிய வாய்ப்பு அளிக்கலாமா? அளிக்கலாம், ஆனால் முன்பருவம் அவருடைய பெருமையை நிறுவிவிட்டது என்பதற்காக அன்று. அது நிறுவுவது மிகக் குறைவு. அவரைப் பற்றி முன்னர் கொண்டிருந்த மதிப்பீடு பிழையாக இருக்கக்கூடும் என்பதை மட்டும் அது உணர்த்துகிறது. அப்பிழையைச் சோதிக்க உண்மையான ஆட்டங்கள் தேவை. சோதனை நேர்மையானதாக அமைய, போட்டியாளருக்கு அளிக்கப்பட்ட அதே கால அளவும் அதே பிழைப்பொறையும் தேவை.

1974இல் கில்லியத்துக்கு மறுக்கப்பட்டது நுழைவு அன்று. கதவு திறக்கப்பட்டது, அவர் உள்ளே சென்றார், பெரும்பாலும் வென்றார். மறுக்கப்பட்டது, சுமாராக ஆடியபின்னும் அங்கே நீடிக்கும் உரிமை. வாய்ப்பின் வரலாற்றை எழுதுவோர் முதலில் நுழைந்தவர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் கவனமாகத் தொகுக்கின்றனர். நுழைந்தவர் எத்தனை பிழைகள் வரை அங்கே இருக்க விடப்பட்டார் என்ற கணக்கும் அதன் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். பிராட்ஷாவின் பத்தியில் அந்த எண் இரண்டே பருவங்களில் 46; கில்லியத்தின் பத்தியில் 8.